தரோகா பிடித்த கைபேசி எண்

தரவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது ஓர் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். "இளைஞர்களுக்கு ஊக்கம் தருகிற மாதிரி இருந்தால் நல்லது மேடம்" என்று ஒரு குறிப்பும் கூடவே வந்தது. ஊக்கம் என்னிடம் கையிருப்பில் இல்லை. பயம் இருக்கிறது. பயணிகள் படகு விடுகிற நிறுவனத்தில் இயக்கப் பிரிவின் தலைவியாக இருந்து, மானம் போகாமல் ஓய்வு பெற்றிருக்கிறேன் என்றால் அந்தப் பயம்தான் காரணம். அதில் கொஞ்சம் உங்களுக்குத் தருகிறேன். வைத்துக்கொள்ளுங்கள், கெட்டுப்போகாது.

உங்கள் திரையின் இடது மூலையில் ஒரு பச்சைக் கட்டம் இருக்கும். 'தடுக்கப்பட்ட மோசடிகள்' என்று அதற்குப் பெயர். அதிலுள்ள எண் ஏற ஏற எல்லோருக்கும் சந்தோஷம். மாதக் கூட்டத்தில் முதலில் காட்டப்படுவது அதுதான். ஒரு நாள் அந்தக் கட்டத்துக்குள் விழுந்தவர்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

மோசடி உண்மையாகவே இருந்தது. அதை மறைத்துவிட்டுக் கதை சொன்னால் நியாயம் இல்லை. சீசனில் போர்ட் பிளேரின் தரகர்கள் (ஊர்ப் பெயர் இப்போது மாறிவிட்டது, டிக்கெட்டில் மாறியிருக்கிறது, வாயில் இன்னும் இல்லை) ஒரே கைபேசி எண்ணில் படகு முழுவதையும் வளைத்துப் போட்டுவிட்டு, மெயின்லேண்டிலிருந்து வரும் தேனிலவுத் தம்பதிகளிடம் இரட்டை விலைக்கு விற்றார்கள். அதனால் சென்னையிலிருந்து புது முன்பதிவு மென்பொருள் வாங்கினோம். ஒரே எண்ணில் அளவுக்கு மேல் டிக்கெட் பதிவானால் அது தானாகவே எல்லாவற்றையும் ரத்து செய்யும், அந்த எண்ணை முடக்கும், காலியான இருக்கைகளைக் காத்திருப்போருக்குக் கொடுத்துவிடும். யாரையும் கேட்காது. அதுதான் அதன் சிறப்பு என்று விற்பனைக்கு வந்தவர் சொன்னார். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினோம்.

அதற்கு 'தரோகா' என்று பெயர் வைத்தவர் எங்கள் முன்பதிவு மேசையின் பொறுப்பாளர் ராவ். தீவு இந்தியில் தரோகா என்றால் போலீஸ் அதிகாரி. ராவ் பிறந்து வளர்ந்ததெல்லாம் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் உள்ள பாம்பூஃப்ளாட். வீட்டில் தெலுங்கு, தெருவில் இந்தி, என்னிடம் மட்டும் இரண்டும் கலந்த ஒரு தமிழ். தினமும் தாமதமாக வருவார், தினமும் ஃபெர்ரி மேல் பழி போடுவார்.

அன்று மத்தியானம் அவர் என் அறைக்கு ஓடிவந்தார்.

"மேடம்ஜி, நம்ம தரோகா இன்னிக்கு படா மச்லி, பெரிய மீனு பிடிச்சிருக்கான்! ஒரே நம்பர்ல பூரா கூட்டம். பச்சைப் பொட்டி நிறைஞ்சிடுச்சு."

"எந்த வழித்தடம்?"

"சவுத் லைன். நாளைக்குக் காலையில அங்கேருந்து கிளம்புற போட்."

சவுத் லைன் என்பது தெற்கே ரப்பர் தோட்டம் உள்ள ஒரு தீவுக்குப் போகிற வழித்தடம். தீவின் பெயர் வேண்டாம். அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி கிடையாது. விடுதி கிடையாது, தேனிலவு கிடையாது. இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிவந்து குடியேற்றப்பட்ட குடும்பங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் இப்போது அங்கேதான்.

தரகன் எங்கே சம்பாதிக்க முடியுமோ அங்கேதான் இருப்பான். விற்பதற்கு ஆளே இல்லாத தீவில் அவனுக்கு என்ன வேலை?

"ராவ், அந்தப் பெயர்களைக் காட்டுங்க."

திரையில் பார்த்தேன். வயதானவர்கள், கைக்குழந்தைகள், பெண்கள். திரும்பி வருகிற தேதி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று, பாதிப் பேருக்கு அதுவும் இல்லை. தரகர்களின் பட்டியல் ராணுவ அணிவகுப்பு மாதிரி இருக்கும். எல்லோரும் இளைஞர்கள், எல்லோரும் ஒரே நாளில் திரும்புவார்கள். இது பெரிய ஆஸ்பத்திரியின் வெளி வராந்தா மாதிரி இருந்தது.

"இருக்கைகள்?"

"போச்சே மேடம். தரோகா உடனே வெயிட்டிங்குக்குக் கொடுத்துட்டான். காண்டிராக்டர் ஆளுங்க, ஸ்கூல் இன்ஸ்பெக்ஷன் பார்ட்டி, எல்லாம் கன்ஃபர்ம்."

அந்த எண்ணுக்கு நானே அழைத்தேன். இதை நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் பயிற்சியில் 'சந்தேகத்துக்குரிய வாடிக்கையாளரை நேரடியாகத் தொடர்புகொள்ளக் கூடாது' என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்த வரியை எழுதியவர்களுள் நானும் ஒருத்தி. அது மோசடிக்காரர்களுக்கான வரி. எதிரில் இருப்பவர் மோசடிக்காரர்தானா என்ற சந்தேகம் உங்களுக்கே வந்துவிட்டால், அந்த வரி செல்லாது.

முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"யாருங்க?"

படகு நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொன்னேன்.

"ஓ, கம்பெனியா! நல்ல நேரத்துக்குத்தான் எடுத்தீங்க. காலையிலருந்து ஒங்க நம்பருக்கு அடிச்சி அடிச்சி எனக்கு விரலு தேஞ்சி போச்சி. ஒரு பொம்பள இந்தியில என்னமோ சொல்லிட்டு வச்சிடுறா. என்னைய கள்ளின்னு மெசேஜ் போட்டது நீங்கதானா?"

"அம்மா, நீங்க யாருன்னு..."

"பரமேஸ். போட் நிக்கிற ஜெட்டிகிட்ட ரீசார்ஜ் கட வச்சிருக்கேன். தேத்தண்ணியும் போடுவேன். கள்ளச் சாமான் ஒண்ணும் கெடையாது, வேணும்னா வந்து பாருங்க."

"இத்தனை பேருக்கும் உங்க நம்பர்ல ஏன் பதிவு பண்ணீங்க?"

என் கேள்வி அவரைக் கோபப்படுத்தவில்லை. நான் எந்த ஊர்க்காரி என்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

"பின்ன வேற எந்த நம்பர்ல போடுறது? தோட்டத்துல சிக்னல் எங்க இருக்கு? லயத்து வீட்டுல போன் வச்சிருக்கவனெல்லாம் பாட்டு கேக்கத்தான் வச்சிருக்கான். போட் உண்டா இல்லையான்னு எனக்கு மெசேஜ் வரும், நான் தோட்டத்து டிராக்டர்ல சொல்லி விடுவேன். எப்பவும் அப்பிடித்தான். பேங்க்குக்கும் என் நம்பருதான், கேஸ் சிலிண்டருக்கும் என் நம்பருதான், ஆஸ்பத்திரிக்கும் என் நம்பருதான்."

சென்னையில் ஒருவருக்கு மூன்று எண் இருக்கும். இங்கே ஒரு தோட்டத்துக்கே ஓர் எண். தரோகாவை எழுதியவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. எனக்கும் அந்த நிமிடம்தான் தெரிந்தது.

"அது கெடக்கட்டுங்க. அந்தச் சாந்திப் புள்ளைக்கு என்ன சொல்றீங்க?"

"யார் சாந்தி?"

"புள்ளத்தாச்சி. காலு கையெல்லாம் வீங்கிப் போச்சி, கண்ணு மங்குதுங்குறா. பிரசர் ஏறிக் கெடக்கு, போர்ட் பிளேருக்குக் கொண்டு போயிருங்கன்னு இங்க டாக்டரு சீட்டு எழுதிக் குடுத்துட்டாரு. ஹெலிகாப்டருக்கும் சொல்லிப் பாத்தாரு. மழ மேகத்துல வராதாம். நாளைக்கு போட்ட விட்டா அப்பறம் கடல் மூடிருவாங்கன்னு ஜெட்டியில பேசிக்கிறாங்க."

அது உண்மை. வானிலை எச்சரிக்கை என் மேசையில் இருந்தது. நாளைக் காலைப் படகு மட்டும் தப்பித்தவறி வந்துசேரலாம். அதற்குப் பிறகு எப்போது என்று சொல்ல ஆளில்லை.

"நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, நான் ஏதாவது..."

"அதத்தான் சொல்ல வாரேன். டிக்கெட்டு ரத்துன்னு மெசேஜ் வந்ததும், வரவேணாமுன்னு டிராக்டர்ல சொல்லி அனுப்பிட்டனே! டிராக்டர் போயாச்சி."



இனி முறைகளைப் பார்ப்போம். ரத்தான டிக்கெட்டை மீட்க மென்பொருள் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அவர்களுடைய உதவி மையத்துக்கு எழுதினேன். "உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியமானது, அடுத்த வேலைநாளில் தொடர்புகொள்வோம்" என்று நொடியில் பதில் வந்தது. அவ்வளவு வேகமாக ஓர் அலட்சியத்தை நான் பார்த்ததில்லை. நம் பொதுமேலாளரின் ஒப்புதலும் வேண்டும். அவர் கொல்கத்தா விமானத்தில் மேகங்களுக்கு மேலே இருந்தார். இருக்கை எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்ற முடியாது. அந்த விதியை மட்டும் நான் யாருக்காகவும் வளைத்ததில்லை. வளைத்தவர்களின் படகுகள் என்ன ஆயின என்று இந்தக் கடலில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களின் இருக்கையைப் பிடுங்கலாமா? அவர்கள் முறையாக வாங்கியவர்கள். அவர்களிலும் எத்தனை பேருக்கு என்ன அவசரமோ, பெயரைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஒரு பெயரைத் திரையில் பார்த்துத் தீர்ப்பு எழுதினால் எனக்கும் தரோகாவுக்கும் என்ன வித்தியாசம்?

விதிப்புத்தகத்தை நான் மனப்பாடமாக வைத்திருப்பதைக் கேலி செய்தவர்கள் உண்டு. அன்று அதில் ஒரு பத்தி உதவியது. ஒவ்வொரு பயணத்திலும் நிறுவனத்தின் சொந்த வேலைக்கு இரண்டு இருக்கைகள் ஒதுக்கப்படும். மருத்துவ அவசரத்தில் இயக்கப் பிரிவின் தலைவர் தன் பொறுப்பில் அவற்றை வேறு யாருக்கும் தரலாம்.

நாளை அந்த இரண்டும் யாருக்கு என்று பார்த்தேன். சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. அந்தத் தீவின் ஜெட்டியில் டிக்கெட் ஸ்கேனர் பொருத்தப் போயிருந்த மென்பொருள் நிறுவனத்தின் இன்ஜினீயருக்கும் அவருடைய டெக்னீஷியனுக்கும். தரோகாவின் சொந்தக்காரர்கள்.

இன்ஜினீயரின் பெயர் அருண். சென்னை, மாதவரத்துப் பையன். அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம், அந்த நம்பரை அன்பிளாக் பண்ணிடலாமே? டூ மினிட்ஸ் வேலை."

"பண்ணுங்க. ஆனா இருக்கையெல்லாம் உங்க ஆள் வித்துட்டார். மிச்சம் இருக்கிறது உங்களுதும் உங்க டெக்னீஷியனுதும்தான்."

"எங்களுதா? மேடம், எனக்கு நாளன்னிக்கு ஃப்ளைட். வீட்ல அக்காவுக்கு நிச்சயதார்த்தம். கடல் க்ளோஸ் ஆச்சுன்னா நான் எப்படி வர்றது?"

"முடியாது. சில நாள் அங்கேதான் இருக்கணும்."

"இதுக்கு நான்தான் காரணமா மேடம்?"

"காரணம் யாருன்னு அப்புறம் கூட்டம் போட்டுப் பேசலாம். எங்க கம்பெனியில அதுக்குக் குறைச்சலே இல்ல. நான் உங்களைக் கேக்கல தம்பி, சொல்றேன். இருக்கை கம்பெனியோடது. ஆனா ஒரு உதவி கேக்கிறேன். ஜெட்டிகிட்ட பரமேஸ்னு ஒரு அம்மா கடை இருக்கு. அவங்களோட போய் எப்படியாவது தோட்டத்துக்குச் செய்தி அனுப்புங்க. காலையில அந்தப் பொண்ணு ஜெட்டியில இருக்கணும்."

அவர் பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது. திரும்ப அழைத்தேன். பரமேஸுக்கும் அழைத்தேன். மழையில் அந்தத் தீவின் கைபேசிக் கோபுரம் அடிக்கடி படுத்துவிடும். அன்றும் படுத்துவிட்டது.

அவர் கேட்டுக்கொண்டாரா, கோபித்துக்கொண்டாரா, தோட்டத்துக்கு யாராவது போனார்களா, ஒன்றும் தெரியவில்லை. டெலானிபூரில் என் குடியிருப்புக்குப் போய், சமைத்ததை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் அலுவலகம் வந்து திரையைத் திறந்தேன். தெற்கே படகு கிளம்பிவிட்டது. ஸ்கேனர் புதிது, அழகாக வேலை செய்தது. ஏறிய ஒவ்வொரு பயணிக்கும் எதிரே பச்சைப் புள்ளி. நிறுவனத்தின் இரண்டு இருக்கைகள் மட்டும் சாம்பல் நிறம். 'பயணி வரவில்லை.'

ராவ் அன்றைய முதல் ஃபெர்ரியிலேயே வந்திருந்தார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"மேடம், சிஸ்டம் சில சமயம் லேட்டா காட்டும்."

"மத்தவங்களுக்கு லேட்டா காட்டலையே."

"அப்போ சாய் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

அவர் சொல்லிவிட்டார். நான் குடிக்கவில்லை. அந்தச் சாம்பல் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது தாங்கமாட்டாமல், படகு வருகிற நேரத்துக்கு வெகு முன்பே ஜெட்டிக்குப் போய் நின்றேன். பதவிக்காலத்தில் நான் ஆம்புலன்ஸ் ஒன்றை வரச் சொல்லி, யாருக்கு என்று சொல்ல முடியாமல் விழித்த ஒரே நாள் அது. டிரைவர் மலையாளி. "ஆள் உண்டோ இல்லியோ சேச்சி?" என்று இரண்டு தடவை கேட்டார். "உண்டு" என்றேன். எந்த ஆதாரமும் இல்லை.

கடல் அப்போதே கெட்டுப்போயிருந்தது. படகு கட்டப்படுவதற்கே வெகுநேரம் பிடித்தது. காண்டிராக்டரின் ஆட்கள் வாந்தியெடுத்த முகத்தோடு இறங்கினார்கள். ஸ்கூல் இன்ஸ்பெக்ஷன் பார்ட்டி இறங்கியது. பிறகு யாரும் வரவில்லை. இறங்கு பலகையில் வெறும் தண்ணீர் வழிந்தது.

பிறகு படகில் டிக்கெட் கணக்குப் பார்க்கும் பர்சர் பின்னோக்கி நடந்துவந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய பாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து ஒரு பெண். பின்னால் ஒரு பையைக் கட்டிக்கொண்டு அவள் கணவன்.

பர்சரிடம் நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "ஸ்கேன் ஆகவில்லையே, ஏன்?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சீட்டு இன்ஜினீயர் பேர்ல இருக்கு மேடம். மிஷின் இவங்களை எடுத்துக்கல. பயணிகள் சார்ட் மூடினப்புறம் பேரை மாத்தவும் விடல. பேப்பர் காப்பியில கையால எழுதிக் கையெழுத்து போட்டுட்டேன். அந்தச் சென்னைப் பையனும் பக்கத்துல போட்டிருக்கான். ராத்திரி கடைக்கார அம்மாவோட தோட்டத்துக்குப் போய் இவங்களைக் கூட்டிட்டு வந்தது அவன்தானாம்."

விதிமுறைப்படி சரி. முழுக்கச் சரி. கடலில் அந்தப் படகுக்கு ஏதாவது ஆகியிருந்தால், உங்கள் திரை அந்த இரண்டு பேரைத் தேடச் சொல்லியிருக்காது. காகிதம் சொல்லியிருக்கும், அதுவும் படகோடு மூழ்காமல் இருந்தால். நான் தூக்கம் கெட்டுப் புரளும்போது இன்றும் நினைப்பது இதைத்தான்.

சாந்திக்கு அன்று மாலையே அறுவை சிகிச்சை. பெண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள். ஒரு நாள் தாமதமாகியிருந்தால் என்ற கேள்விக்கு டாக்டர் பதில் சொன்னார். அதை நான் எழுதப் போவதில்லை. அந்த எண்ணில் பதிவு செய்திருந்த மற்ற எல்லோரும் தீவிலேயே இருந்தார்கள். கண் ஆபரேஷனுக்கு முறை வாங்கியிருந்த ஒரு பெரியவருக்கு முறை தவறியது. அவர்களுக்காக என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மாதக் கூட்டத்தில் பச்சைக் கட்டம் காட்டப்பட்டது. அந்த மாதம் எண் நன்றாகவே ஏறியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அருண் சீக்கிரம் திரும்பவில்லை. நிச்சயதார்த்தத்தை வீடியோவில்கூடப் பார்க்க முடியவில்லை. மழைக்கு ஒதுங்க அந்த ஜெட்டியில் பரமேஸின் கடையை விட்டால் வேறு இடமில்லை என்பதால், அவர் அங்கே நிறையத் தேத்தண்ணி குடித்தார். கடல் திறந்ததும் நேரே என் அறைக்கு வந்தார். நான் மன்னிப்பு எதிர்பார்த்தேன், அல்லது சண்டை. இரண்டும் இல்லை.

"மேடம், அந்த அம்மா போன்ல தோட்டத்துல உள்ள எல்லாரோட ஆதார் போட்டோவும் இருக்கு. எல்லாருக்கும் வர்ற ஓடிபியும் அதுலதான். போன் கவுண்டர் மேலயே கிடக்கு. லாக் பேட்டர்ன் எல்லாருக்கும் தெரியும். நானே மூணு தடவை திறந்து பாட்டுப் போட்டேன். யாராவது தூக்கிட்டுப் போனா என்ன ஆகும்?"

"எல்லாம் போகும்."

"நான் அவங்ககிட்ட சொன்னேன் மேடம். 'தம்பி, இது காணாமப் போனா தோட்டமே தேடும், ஒன் போன் காணாமப் போனா நீ மட்டுந்தான் தேடுவ'ன்னுட்டாங்க."

இதற்கு என்ன செய்வது என்று இருவரும் உட்கார்ந்து பேசினோம். ஒவ்வொருவருக்கும் தனி எண் கட்டாயம் என்று விதி செய்தால் நம் தரவு சுத்தமாகிவிடும். படகு ரத்து என்கிற செய்தி, சிக்னல் இல்லாத பைகளுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆட்கள் ஜெட்டியில் வந்து நனைவார்கள். விதிவிலக்கு கொடுத்தால் தரோகா அந்த எண் பக்கமே திரும்ப மாட்டான். நாளைக்கு ஒரு தரகன் அந்தப் போனைக் கைப்பற்றினால் நாம் கதவைத் திறந்துவைத்து விருந்து வைத்த மாதிரி.

கடைசியில் அருண் ஒரு விலக்கு எழுதினார். ஆனால் எந்த விலக்குக்கும் பொறுப்பாளராக ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும் என்றார். மாதத்துக்கு ஒருமுறை அந்த மனிதர் பரமேஸிடம் பேசி, போன் அவர் கையில்தான் இருக்கிறது என்று உறுதி செய்ய வேண்டும். செய்தியில் அல்ல, குரலில். செய்தியை யாரும் அனுப்பலாம். பேசிய பிறகு கணினியில் கையொப்பமிட வேண்டும். தவறினால் விலக்கு தானாகவே விழுந்துவிடும். மென்பொருள்காரர் ஒருவர் எழுதிய விதிகளில் நான் மதிக்கிற ஒரே விதி.

அந்தப் பெயர் என்னுடையது. ஓய்வு பெற்ற பிறகும் ஆலோசகர் என்ற அலங்காரத்தில் என் பயனர் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த மாதக் கடைசியில் அதை மூடுகிறார்கள். மூடத்தான் வேண்டும். வெளியேறியவரின் கணக்கைத் திறந்து வைத்திருப்பது ஆபத்து. அந்த விதியையும் நான்தான் எழுதினேன். கணக்கோடு விலக்கும் மூடும். அடுத்த நாள் காலையில் உங்கள் பச்சைக் கட்டம் அழகாக ஏறும். ராவ் ஓய்வு பெற்றுவிட்டார்; ஓடிவந்து சொல்லவும் ஆளில்லை.

நான் எழுத ஒப்புக்கொண்டது இதற்காகத்தான். உங்களில் ஒருவர் பெயர் வேண்டும். வேலை பெரிதல்ல. மாதம் ஓர் அழைப்பு. பரமேஸ் எடுத்தவுடன் போன் பத்திரமா என்று கேட்டுவிடாதீர்கள், கோபம் வரும். மழை எப்படி என்று கேளுங்கள். சாந்தியின் மகளைப் பற்றிக் கேளுங்கள். அவள் கடைப் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்கிற கதை வரும், நேரமாகும். குரல் அவருடையதா என்பதில் உங்களுக்குச் சந்தேகமே இருக்காது. அந்தக் குரலுக்கு இன்னும் போலி வரவில்லை. வரும் என்று சொல்கிறார்கள். அதற்கும் சேர்த்தே பயப்படுங்கள்.

போன வாரம் நான் பேசியபோது, இனி நான் கூப்பிட மாட்டேன் என்று சொன்னேன்.

"அப்ப இனிமே யாருங்க கூப்பிடுவா?" என்றார் பரமேஸ்.

"ஆள் இருக்கு" என்றேன்.

அது இன்னும் உண்மையாகவில்லை. மாதக் கடைசிக்குள் ஆக வேண்டும்.